விளக்கு வைக்கிற நேரத்து இருமல்

என் குரலைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. நான் மலையடிவாரத்துக் காரவள்ளியில் நின்று பேசினால் மலைக்கு மேலே செம்மேட்டில் பஸ் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். உழவனுக்கு மாடு எப்படியோ, வாத்தியார் வேலைக்குக் குரல் அப்படி. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து மேய்க்கிறவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அந்தக் குரல் போன ஐப்பசியில் என்னை விட்டுப் போனது.

கொல்லிமலைக்கு மாற்றலாகி, திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில் வீடு பிடித்த புதிது. நான் சேந்தமங்கலம் பக்கத்துக்காரி, வெயிலிலேயே வெந்த உடம்பு. மலைச்சாரல் முதலில் மூக்கில் இறங்கியது, பிறகு தொண்டையில் குடக்கூலி இல்லாமல் குடியேறிவிட்டது. எச்சில் விழுங்கினால் முள் இறங்கும். காலையில் எழுந்து வாயைத் திறந்தால் எங்கள் ஊர் மாட்டுத் தரகர் பேசுகிற மாதிரி ஒரு கட்டைக் குரல் வரும். சாயங்காலம் அதுவும் போய், வெறும் இருமல் மட்டும் மிஞ்சும். அதுவும் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்புகிற ஆம்பிளை இருமல்.

தொண்டை கட்டிக்கொண்டவளைக் கண்டால் ஊரே வைத்தியராகிவிடும். தலைமை ஆசிரியர் கல்லுப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார். சத்துணவு சமைக்கிற அம்மா தூதுவளை ரசம் வைத்துக் கொண்டுவந்தார். டீக்கடைக்காரர் ஆட்டுக்கால் கிழங்கு சூப்பை நீட்டினார். இந்த மலையில் மூட்டு வலித்தாலும் அந்தச் சூப்புத்தான், மனசு வலித்தாலும் அந்தச் சூப்புத்தான். அம்மா போனில் தயிரைத் தொடாதே, வாழைப்பழத்தைத் தொடாதே, பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டு கரைத்துக் குடி என்று காய்ந்தாள். எல்லாவற்றையும் செய்தேன். கொள்ளு ரசமும் குழைந்த சாமைச் சோறுமாக வயிறு நன்றாகத்தான் இருந்தது, தொண்டை மட்டும் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வீக்கம்தான், பயமில்லை, ஆனால் பேசவே கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்றார். வாயை மூடு என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்கிறவள் நான். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பை ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்து ஓட்டினேன். ஒரு தட்டு என்றால் உட்கார், இரண்டு தட்டு என்றால் எழுது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளே இல்லை.

வீட்டுக்கார அக்காவுக்கும் என் வயதுதான். அவர் புருஷன் முந்தின ஆடியில் நெஞ்சுச்சளி கட்டி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்பக்கம் அவருக்கு, முன்னறை எனக்கு. நடுவில் ஒரு மண்சுவர். அது கூரை வரைக்கும் எழும்பாமல் ஓட்டுக்குக் கீழே ஒரு முழம் விட்டு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். சுவரோரம் ஒரு சின்ன ஜன்னல் அவருடைய பின்வாசலைப் பார்த்து இருந்தது. அந்த ஜன்னலுக்கு மேலே ஒரு ஆணியில் பழுப்பு நிறக் கம்பளி மப்ளர் ஒன்று தொங்கியது. அறையைக் காலி செய்தபோது மறந்து விட்டுவிட்டார்கள் போல என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்தது. தொண்டையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களே என்று அந்த மப்ளரை எடுத்து உதறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன். அப்போது ஒரு இருமல் வந்தது. இருமிவிட்டு நிமிர்ந்தால், பின்வாசலில் அக்கா கையில் விளக்கோடு நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார். எடுத்தது தப்போ என்று நான் கையால் சைகை காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் திட்டில் ஒரு பித்தளை டம்ளர் இருந்தது, மேலே தட்டு மூடி. திறந்தால் ஆவி. சுக்கு, மிளகு, திப்பிலி, கற்பூரவல்லி, அடியில் மலைத்தேன். ஒரு வாய் குடித்ததும் முள்ளெல்லாம் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அடடா, எவ்வளவு நல்ல மனசு, வாய்தான் பேசாது போல என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரைக் கழுவித் திட்டிலேயே வைத்தேன். மறுநாளும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டம்ளர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பகலில் எதிரில் பார்த்துக் கும்பிட்டு நன்றி சொன்னால் மட்டும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது, இது என்ன வீம்பு என்று மனசுக்குள் திட்டினேன்.

டம்ளரை வைத்த பிறகு அவர் சுவரின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவார். முதலில் போன் என்று நினைத்தேன். காபிச்செடி எவ்வளவு காய்த்தது, காட்டுப்பன்னி எந்தப் பக்கம் வந்து குச்சிக்கிழங்கைத் தோண்டியது, யார் வீட்டில் யார் வந்து போனார்கள், இதெல்லாம்தான் பேச்சு. பேசிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் எனக்கு இருமல் வரும். வந்ததும், ம், சரிங்க, என்று அடுத்ததற்குப் போவார். வெள்ளாட்டுக் குட்டியைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் கேட்டு நிறுத்தினார். நான் இருமினேன். மறுநாள் காலையில் பார்த்தால் முளைக்குச்சியில் வெறும் கயிறு கிடந்தது.

பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு அந்தக் கயிற்றைப் பார்த்தபோது, என் தொண்டைக்குள் எனக்குத் தெரியாமல் யாரோ கதவைத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எச்சில் விழுங்கக்கூட யோசித்தேன்.

அக்காவின் கொழுந்தனார் ஒருவர் இருந்தார், இறந்தவருக்குத் தம்பி. வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள், எப்போதும் காதில் போன். அவர் பங்குக் காட்டையும் அண்ணன் பங்குக் காட்டையும் சேர்த்து, ரிசார்ட் கட்டுகிற கீழ்நாட்டு ஆளுக்கு நெடுநாள் குத்தகைக்கு விட வேண்டும் என்று நின்றார். அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு சரிவுத் தோட்டம்தான். சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக் கொடி, அதன் நிழலில் காபி. புருஷனைப் புதைத்ததும் அதன் மேல்கரையில்தான். கொடுத்துவிட்டால் கை நீட்டிச் சாப்பிட வேண்டியதுதான். கொடுக்கவில்லையென்றால் கொழுந்தன் பகை. இதெல்லாம் சுவருக்கு மேலே வந்த சத்தத்தில் நானாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டது.

ஒரு நாள் அந்தக் கொழுந்தனார் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். அதுவரைக்கும் எனக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை. கையில் ஒரு தட்டு அன்னாசிப்பழம், தோல் சீவி, துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. மலைக்கு வந்துவிட்டு எங்கள் பழத்தைச் சாப்பிடாமல் இருக்கலாமா என்றார். அன்னாசியைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. பத்திய நாக்கு வேறு, செத்துக் கிடந்தது. அம்மா சொன்ன பத்தியத்தை மறந்துவிட்டுத் தட்டைக் காலி பண்ணினேன். அவர் கூடவே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானமே தொண்டை அரிக்க ஆரம்பித்தது. சத்துணவு அம்மா தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. உங்கள் தொண்டையில் செத்துப்போன அக்கா புருஷன் வருகிறாராம் டீச்சர், ஊருக்கே தெரியும், உங்களிடம் யார் சொல்லுவது என்று இருந்தோம் என்றார். எந்தக் காரியத்துக்கும் கோயிலில் பூ கேட்பதில்லையா, பல்லி சொல்கிறதா என்று காத்திருப்பதில்லையா, அந்த மாதிரி அக்கா விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் இருமலைக் கேட்கிறார், இருமினால் சம்மதம், இருமாவிட்டால் இல்லை. இன்றைக்குக் காட்டைப் பற்றிக் கேட்கப் போகிறாராம். கொழுந்தனாரும் கூட உட்காரப் போகிறாராம். அண்ணன் வாக்கு எதுவோ அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை விட்டெறிந்திருப்பேன். அட பாவி மனுஷா, வாக்குக் கேட்கப் போகிற பல்லிக்கே மிளகாய்த்தூள் போட்டுவிட்டாயே! என் நாக்கின் சபலம் ஒரு பொம்பளையின் காட்டைத் தின்னப் பார்க்கிறதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

பள்ளி விட்டதும் நேராக அக்காவிடம் போனேன். டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு, அக்கா, இருமுகிறது நான்தான், எனக்குத் தொண்டைப் புண், அவ்வளவுதான் என்று கிசுகிசுத்தேன். அக்கா மிளகுக் கொடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"தெரியுமுங்க டீச்சர். நீங்கதான் இருமறீங்க. பல்லி கத்தறதும் பல்லி தொண்டையிலதானுங்க. வாக்கு பல்லியோடதுங்களா?"

அன்னாசிப் பழத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். காற்றுத்தான் வந்தது. அவர் கொடிக்குத் திரும்பிக்கொண்டார். வேறு எங்கேயாவது போய்விடலாமா என்றும் யோசித்தேன். போனால் நாளைக்குக் கேட்பார்கள், நாளைக்கு ஒரு பழம் வரும். இருந்து, இருமாமல் இருப்பது ஒன்றுதான் வழி. இருமல் வராமல் இருக்கச் சாமியை வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை காந்துகிற வரைக்கும் கொப்பளித்தேன். தேனைக் குழைத்து நக்கினேன். கன்னத்தில் ஒரு பக்கம் அதிமதுரம், இன்னொரு பக்கம் பனங்கற்கண்டு. ஆவி பிடித்தேன். ஜன்னல் திட்டில் டம்ளர் வந்தது. அன்றைக்கு அதை உடனே எடுக்கவில்லை. இது எனக்கு வைத்தது இல்லை, இத்தனை நாளும் செத்தவர் பங்கைக் குடித்திருக்கிறேன். ஆனால் இந்தத் தொண்டையை அடக்க அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினேன். முகம் தெரியாத ஒருவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணா என்று கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. கொழுந்தனார் செருமினார். அக்கா திரியைத் தூண்டிவிட்ட எண்ணெய் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. பிறகு அவர் குரல் கேட்டது. "ஏனுங்க, காட்டக் குத்தகைக்குக் குடுக்கச் சொல்றாரு தம்பி. குடுத்துரலாமுங்களா?"

தொண்டையின் அடியில் ஒரு அரிப்பு எழுந்து மேலே ஏறியது. அதிமதுரத்தைக் கடித்தேன், சாறை விழுங்கினேன், அரிப்புத் திரும்ப ஏறியது. மப்ளரைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்தேன். கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஒழுகியது. கம்பளியில் பழைய பீடி வாசமும் மிளகு வாசமும் இருந்தது. இத்தனை நாள் கழுத்தில் சுற்றியிருந்தும் அதுவரைக்கும் அந்த வாசம் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

சரியாகக் கேளுங்கள் அண்ணி, சத்தமாகக் கேளுங்கள் என்றார் கொழுந்தனார். அக்கா திரும்பவும் கேட்டார். நான் மூச்சை அடக்கினேன். அந்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. கயிற்றுக் கட்டிலின் கால்மாடு, யாரோ உட்கார்ந்ததுபோலத் தாழ்ந்து கொடுத்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருமல் வெளியே வரவில்லை. நாற்காலி பின்னுக்குப் போனது, கதவு சாத்தப்பட்டது, மோட்டார் சைக்கிள் கிளம்பி ரோட்டில் தேய்ந்து மறைந்தது. அப்பாடா என்று நான் தலையைத் தூக்கினேன். காடு பிழைத்தது. வாயிலிருந்து மப்ளரை எடுக்கப் போனேன்.

அப்போது அக்கா திரும்பப் பேசினார். சுவரோடு வாயை ஒட்டிவைத்துப் பேசுகிற மாதிரி பக்கத்தில் கேட்டது.

"காட்ட உடுங்க. அதுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. இருக்கறீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

ஐயோ, இதற்கு என்ன செய்வது? ஒரு இருமல் போதும், அவருக்கு அவர் புருஷன் கிடைத்துவிடுவார். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. ஆனால் அவர் இருக்கிறார் என்றால் நாளைக்கு வேறு கேள்வி வரும். கொழுந்தனார் வேறு பழம் கொண்டுவருவார். ஆட்டுக்குட்டி போன மாதிரி ஒவ்வொன்றாக என் சளியைக் கேட்டே போகும். நான் மப்ளரைத் திரும்பக் கடித்தேன். இருக்கறீங்களா என்று இன்னொரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அழுகிற சத்தமும் இல்லை. விளக்கு அணைந்த வாசனை மட்டும் வந்தது.

காலையில் அவரே என் கதவைத் தட்டினார். குளித்து முழுகிய தலை, ஈரம் சொட்டியது. தொண்டை தேவலையா என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலையாட்டினேன். காட்டைக் கொடுப்பதில்லை என்று கொழுந்தனாரிடம் விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டாராம். அவரும் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டதால் முணுமுணுத்துக்கொண்டு அடங்கிவிட்டாராம். சொல்லிவிட்டு, உள்ளே கட்டிலில் கிடந்த மப்ளரைப் பார்த்தார்.

"அவரு போயிட்டாருங்க டீச்சர்."

நான் மப்ளரை மடித்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே கட்டிக்குங்க, குளிருகாலம். இனி அது வெறும் துணிதானுங்க."

அதற்குப் பிறகு டம்ளர் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சும் இல்லை. கார்த்திகை பிறந்தபோது என் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தை மாசியில் அக்கா தன் மிளகைத் தானே பறித்துக் காயப்போட்டார், எனக்கும் ஒரு படி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆடியில் ஒரு தடவையும், அந்தச் சாயங்காலம் ஒரு தடவையும் அவர் தாலி அறுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது தடவை அறுத்த கை என்னுடையது. வேறு வழி இருந்ததா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மப்ளர் அதே ஆணியில் தொங்குகிறது. சாரல் பிடித்தால் இன்றைக்கும் தொண்டை கமறும். ஆனால் அந்த அறைக்குள் நான் இருமுவதில்லை. விளக்கு வைக்கிற நேரம் நெருங்கினால் கதவைப் பூட்டிக்கொண்டு ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் இருமிவிட்டு வருவேன். போன வாரம் மூடுபனி கண்ணை மறைத்த ஒரு சாயங்காலம் அப்படி மரத்தடியில் நின்று இருமினேன். விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்த அக்கா நின்றுவிட்டார். ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டிக் கிடந்த என் அறை ஜன்னலைப் பார்த்தார். விறகை இறக்கிவைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் உள்ளே போய் விளக்கை ஏற்றுகிற வரைக்கும் மரத்துக்குப் பின்னால் நின்றேன்.